அளவுக்கம்பி எட்டாத வளைவு

ஜூன் 12, 2011, ஞாயிறு

நேற்று மண் திடல் கார் ரேஸில் கெல்சி பதினோராவது. பதினாறு வண்டிகளில். போன வாரம் பன்னிரண்டாவது. "முன்னேற்றம்தானே" என்றான் வெர்ன். சொல்லிவிட்டு அவனே குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இருபத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பான் என்று எனக்குத் தெரியாதா?

மூன்று சீசன் ஆகிறது. ஒரு தடவைகூட முதல் ஐந்துக்குள் வரவில்லை. திரும்பி வரும்போது லாரியில் யாரும் ரேடியோ போடவில்லை. பாதி வழியில் அவள் சொன்னாள்: "இந்த சீசனோட வண்டிய வித்துடலாம்மா. எனக்கு எதுவும் வராது."

ரேஸ் வராது என்றிருந்தால் பரவாயில்லை. எதுவும் வராது என்கிறாள். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டாள். ஏம்ஸ் ஊர்ப் பையனோடு நிச்சயமானது நின்றுபோனது. இருபத்து மூன்று வயதுப் பெண் ஐம்பது வயதுக்காரி மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

இன்று அவளுக்குப் பிடித்த இனிப்பு, ரூபார்ப் பை, செய்தேன். தொடவே இல்லை.

ஜூன் 14, செவ்வாய்

நான் வேலை செய்கிற இன்ஜின் ஷாப்பில் இன்று மினசோட்டாவிலிருந்து ஒரு ஜோடி இன்ஜின் தலைகள் வந்தன. முழு நாளும் இரும்பு தேய்க்கும் கிரைண்டரோடு குடைந்துகொண்டிருந்தேன். காற்று உள்ளே போகிற வழி, புகை வெளியே வருகிற வழி. எங்கே மேடு, எங்கே முனை, எங்கே காற்று முட்டிக்கொண்டு திரும்புகிறது என்று விரலை விட்டுத் தடவினாலே எனக்குச் சொல்லிவிடும். பத்தொன்பது வருஷம் ஆயிற்றே.

முகம் தெரியாத யாருக்கோ எல்லாம் மூச்சுவழி திறந்துவிடுகிறேன். நான் பெற்ற மகள் மட்டும் அடைத்த மூக்கோடு ஓடுகிறாள்.

அவள் ஓடுகிற ஹாபி ஸ்டாக் வகுப்பின் விதி அப்படி. தொழிற்சாலையில் வார்த்த இரும்பு மேனிஃபோல்ட், காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும், யார் கையும் படாதது. விதி என்றால் விதிதான். சரி. படுக்கப் போகிறேன்.

ஜூன் 15, புதன்

ரேஸ் பரிசோதகர் ஆர்லோவின் அளவுக்கம்பியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்கக் கூடாது, பாபி என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 19, ஞாயிறு

செய்துவிட்டேன்.

வெர்ன் சர்ச் கூட்டத்துக்குப் போயிருந்தான். கெல்சிக்குத் தானியக் கிடங்கில் வேலை. காயலான் கடையில் வாங்கிவந்த அதே வார்ப்பு இன்டேக் மேனிஃபோல்டை, காற்று உள்ளே போகிற குழாயை, கராஜில் வைஸ் இடுக்கியில் மாட்டினேன். ஓட்டம் முடிந்ததும் பரிசோதகர் ஆர்லோ கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு மேலிருந்து கம்பியை விடுவார். நுனியில் எஃகு உருண்டை. உருண்டை உள்ளே நழுவினால் வழியை யாரோ அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நழுவாமல் நின்றால் போகலாம். அந்தக் கம்பி முதல் வளைவு வரைதான் எட்டும். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அதைச் செய்து கொடுத்ததே நான்தான்.

வாயை விட்டுவிட்டு வளைவுக்கு அப்பால் மட்டும் குடைந்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும், புகை வருகிற பக்கம், கை விரல் போகாத ஆழத்தில் கொஞ்சம். குடைந்த இரும்பு வெள்ளிபோல் மின்னும், காட்டிக்கொடுத்துவிடும். உப்புத்தண்ணீரில் வினிகர் கலந்து ஊற்றி, துரு பிடிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். நல்ல வேலையைத்தான் ஒரு மனுஷி வெளியே காட்டுவாள். நான் துருவை அழகுபடுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 21, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஷாப்பில் யாரும் இல்லாதபோது என் அறையிலிருக்கும் காற்று அளக்கும் பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். காற்று போவது பழையதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம்! இன்ஜினை ஓட்டி சக்தி பார்க்கிற டைனோ பெரிய கூடத்தில் இருக்கிறது, நாலு பேர் கண்ணில் படும். அதற்குப் போகவில்லை. பெஞ்ச் சொன்னது போதும்.

ஜூன் 23, வியாழன்

மாட்டிவிட்டேன். கேஸ்கெட் ஒழுகுகிறது, மாற்றுகிறேன் என்று சொன்னேன். "நீ இருக்கும்போது எனக்கென்னம்மா கவலை" என்றாள் கெல்சி. விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

ஜூன் 26, ஞாயிறு

பதின்மூன்றாவது! என்ன கண்றாவி இது?

வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி தூங்குகிறது என்கிறாள். இருக்கிற சக்தியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று மனதில் நினைத்துக்கொண்டேன். "நல்லா மிதி" என்று மட்டும் சொன்னேன். "மிதிக்கத்தான்மா செய்றேன்" என்றாள்.

ஜூலை 3, ஞாயிறு

ஏழாவது. திடலின் வெளியோரமாக, மேல் வரியில் ஓட்டிப் பார்த்தாளாம். வெர்ன் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் துரு உதிர்ந்திருக்குமோ என்ற கவலையில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

ஜூலை 17, ஞாயிறு

ஜெயிச்சுட்டா. கெல்சி ஜெயிச்சுட்டா!

கடைசி இரண்டு சுற்றில் டக் ப்ரெஸ்லரை வெளியோரமாகத் தாண்டினாள். டக் பதினைந்து வருஷமாக அந்த மண்ணில் உருள்கிறவன். வெர்ன் கத்தியதில் இன்று குரலே இல்லை. ஓட்டம் முடிந்து வண்டியை எடை போடும் இடத்தில் ஆர்லோ கார்புரேட்டரைத் தூக்கினார், கம்பியை விட்டார். உருண்டை நின்றது. என் வாயிலிருந்து "அப்பாடா" என்று வந்துவிட்டது. மகள் ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு வருஷமாக என்னை நம்புகிறவர்.

கோப்பையை மைக்ரோவேவ் மேல் வைத்திருக்கிறாள். பாப்கார்ன் செய்யக் கதவைத் திறந்தால் விழுந்துவிடும். இருந்தாலும் அங்கேதான் வைப்பாளாம்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இரண்டாவது கோப்பை. புள்ளிப் பட்டியலில் டக்குக்கு அடுத்து இவள்தான்.

வீட்டில் அவள் விசில் அடிப்பது கேட்கிறது. காலையில் அப்பாவிடம் டயர் காற்று பற்றிச் சண்டை போட்டு ஜெயித்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு போன் செய்து விட்ட படிப்பில் திரும்பச் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறாள், எங்களிடம் சொல்லாமலே. "ஒண்ணு வந்துச்சுன்னா இன்னொண்ணும் வரும்ல?" என்கிறாள்.

சந்தோஷமா இருக்கு. பயமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா. இது தெரிஞ்சா என்ன ஆவா? கோப்பை போனா போகட்டும். இந்த விசில்?

ஆகஸ்ட் 21, ஞாயிறு

நேற்று மூன்றாவது தடவை ஜெயித்தாள். டக் மூன்றாவது தடவை இரண்டாவது. இறங்கியவன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக எடை மேடைக்கு வந்து ஆர்லோவின் மேஜையில் ஒரு உறையை வைத்தான்.

இன்ஜினைக் கேட்கிறான்.

எங்கள் வகுப்பில் உள்ள வழக்கம்தான். வீட்டை அடகு வைத்து யாரும் இன்ஜின் கட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஜெயித்தவரின் இன்ஜினை, கூட ஓடிய யாரும் விதியில் சொன்ன தொகைக்குக் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் சீசன் புள்ளி மொத்தமும் போய்விடும். இரண்டு மேனிஃபோல்டும் இன்ஜினோடு சேர்த்தி. இதைப் போய் எப்படி மறந்தேன்? கம்பியின் நீளத்தை நினைவில் வைத்திருந்தவள் இதை மறந்தேனே!

டக் மரியாதையாகத்தான் கேட்டான். கெல்சி சிரித்தாள். "எடுத்துக்கட்டும்மா. இன்ஜினாலதான் ஜெயிக்கிறேன்னு நெனக்கிறான். வேற இன்ஜின் போட்டு வந்து காட்டுறேன்."

"குடுக்காதே" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னும்தான். மறுத்தால் புள்ளியெல்லாம் போய்விடுமே என்றான். ஏன் என்று கேட்டாள் கெல்சி. கேஸ்கெட் அது இது என்று என்னவோ உளறினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆர்லோவின் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் இன்ஜின் டக்கின் டிரெய்லரில் போய்விட்டது.

அவன் என்றைக்கு அதைப் பிரிப்பான்? நாளைக்கா? பனிக்காலத்திலா?

ஆகஸ்ட் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன். டக் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். ஒரே மூச்சில் சொன்னேன்: காயலான் கடை, கராஜ், வளைவு, துரு. அவள் கை நிற்கவில்லை. மூன்று சோளம் உரித்தாள், நார்கூட மிச்சமில்லாமல்.

"எத்தன ரேஸ்?"

"ஜூன்ல இருந்து எல்லாமே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "என்னால முடியாதுன்னு நெனச்சியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. இரண்டு மாதம் பொய் சொன்ன வாய் அந்த ஒரு நேரத்தில் கைவிட்டுவிட்டது. "ஆமா" என்றேன்.

சோளத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 24, புதன்

வெர்னிடமும் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், பாபி" என்றான். அதனால்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, வியாழன்

மாலை கெல்சி மூன்று கோப்பைகளையும் துணி துவைக்கும் கூடையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் காரில் பின்னாலேயே போனேன்.

ஆர்லோ வீட்டு வாசலில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். டக்குக்கு போன் செய்தார். டக் நேற்றே இன்ஜினைத் தன் வண்டியில் மாட்டி, புதன்கிழமைப் பயிற்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டானாம். வண்டியோடு வந்து சேர்ந்தான். ஆர்லோவே மேனிஃபோல்டைக் கழற்றினார். கீழ்ப்பக்கத்திலிருந்து விரலை விட்டுத் தடவினார். ரொம்ப நேரம்.

"துரு நல்லா வந்திருக்கு, பாபி" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உனக்குத் தெரியுமா என்று கெல்சியைக் கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்திருப்பாள். "வண்டி என் பேர்ல இருக்கு" என்றாள். ஆர்லோ தலையை ஆட்டிக்கொண்டார்.

வெற்றி மூன்றும் ரத்து. புள்ளி ரத்து. இந்த சீசன் அவள் ஓட்ட முடியாது. நான் அடுத்த சீசன் முடியும்வரை பிட்டுக்குள், வண்டிகள் பக்கம், காலெடுத்து வைக்கக் கூடாது. டக்கிடம் உறை திரும்பப் போனது, இன்ஜின் எங்களிடம் வந்தது. மேனிஃபோல்ட் பரிசோதனைக் கொட்டகைச் சுவரில் ஏறும். பிடிபட்ட பொருளை எல்லாம் அங்கே ஆணியடித்து, ஓட்டியவர் பெயரை அட்டையில் எழுதித் தொங்கவிடுவது வழக்கம். அவள் பெயர் வேண்டாம், என் பெயரை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டக் சொன்னதுதான் விளங்கவில்லை. "இத வெச்சுக்கிட்டா இவ என்னத் தாண்டினா? வளைவுல இருந்து வரும்போது மிதிச்சா மெத்தையில படுத்த மாதிரி கெடக்குது. நான் ஏமாந்துட்டேன்னு உறையத் திருப்பிக் கேக்கலாம்னு இருந்தேன்."

குத்திப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 31, புதன்

பேச்சில்லை. உப்பை எடு, சாவி எங்கே, அவ்வளவுதான். விசிலும் இல்லை. கல்லூரியிலிருந்து வந்த படிவம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூட எழுதாமல்.

செப்டம்பர் 10, சனி

டக் குத்திப் பேசுகிற ஆள் இல்லை. பதினைந்து வருஷத்தில் அவன் யாரையும் குத்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்படியென்றால் அவன் உண்மையைத்தான் சொன்னானா?

ஜூன் மாதம் இவளும் அதைத்தானே சொன்னாள். தூங்குகிறது என்றாள். நான்தான் மிதி மிதி என்றேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

ஆர்லோவிடம் போய், சுவரில் தொங்குவதை ஒரே ஒரு நாள் கடன் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தச் சுவரிலிருந்து இதுவரை யாரும் கடன் கேட்டதில்லையாம். சிரித்துவிட்டு ஆணியைப் பிடுங்கினார். அட்டையும் கூடவே வந்தது.

முதலாளியிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, ஷாப்பைத் திறந்து கெல்சியின் இன்ஜினை டைனோவில் ஏற்றினேன். முதலில் நான் குடைந்த ஜோடி. அப்புறம் யாரும் தொடாத ஜோடி. நம்ப முடியாமல் மறுபடி முதலிலிருந்து. மொத்தம் ஆறு ஓட்டம்.

அடக் கடவுளே.

வழி அகலமானால் காற்று மெதுவாகிவிடும். தோட்டத்துக் குழாய் வாயைக் கட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறும், விரலை எடுத்தால் காலடியில் விழும், அதேதான். பெஞ்ச் அளந்தது எவ்வளவு காற்று போகும் என்று மட்டும். எவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் பார்க்கவே இல்லை. உச்ச சுழற்சியில் என் ஜோடி நன்றாகத்தான் இழுக்கிறது. ஆனால் எங்கள் குட்டித் திடலில், விதி அனுமதிக்கிற கியரில், எந்த வண்டியும் அந்தச் சுழற்சியைத் தொடவே தொடாது. வளைவிலிருந்து எழும்புகிற இடத்தில், ரேஸே முடிவாகிற இடத்தில், என் ஜோடி தொடாத ஜோடியைவிட மோசம். கொஞ்ச நஞ்சமில்லை.

பெஞ்ச் காட்டுகிற எண்ணைப் பார்த்து மயங்காதே என்று வருகிறவனுக்கெல்லாம் பத்தொன்பது வருஷமாக ஓதுகிறேன். போன மாதம்கூட ஒருத்தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். சொந்த மகள் என்றதும் புத்தி எங்கே மேயப் போச்சு, பாபி?

அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. டைனோ அச்சடித்துத் தந்த தாளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூணு ரேஸ். பதினஞ்சு நல்ல இன்ஜினுக்கு நடுவுல, நான் கெடுத்து வெச்ச ஒண்ண ஓட்டி, என் பொண்ணு மூணு ரேஸ் ஜெயிச்சிருக்கா.

செப்டம்பர் 19, திங்கள்

தாளை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கோடுகள். எது எது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கோட்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். வெர்ன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அதான்" என்றாள் கடைசியில். வளைவில் வண்டி எழும்பாததால், வேகத்தையே விடக் கூடாது என்று புரிந்துகொண்டாளாம். பிரேக்கைத் தொடாமல், மேல் வரியில் மண் ஈரமாக இருக்கிற இடமாகப் பார்த்து உருட்டிக்கொண்டே போகப் பழகினாளாம். இதைத்தான் ஜூலையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் அப்போது துருவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நீ உதவி பண்ணல" என்றாள். "என்னத் தோக்கடிக்கத்தான் பாத்திருக்க."

"ஆமா. அதுலயும் தோத்துட்டேன்."

அவள் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பைகளும் திரும்பி வராது. வண்டி வேகமானாலும் மெதுவானாலும் கை வைத்தது வைத்ததுதான் என்று ஆர்லோ சொல்லிவிட்டார், அது நியாயம்தான். ஆனால் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் கதவில் படிவம் இல்லை. அனுப்பிவிட்டாள் என்று வெர்ன் சொன்னான்.

பிப்ரவரி 11, 2012, சனி

கராஜில் அவளே இன்ஜின் கட்டுகிறாள். காபி கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே போல்ட்டை எந்த வரிசையில் முடுக்குகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். "அம்மா" என்றாள். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே எழுதலாம்.

ஏப்ரல் 15, ஞாயிறு

நேற்று சீசனின் முதல் ரேஸ். எனக்குப் பிட்டுக்குள் அனுமதி இல்லை. டிக்கெட் வாங்கி, போர்வையைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் வளைவுப் பக்கம் பார்வையாளர் பலகையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம். ஏழாம் நம்பர் வண்டி யாருடையது என்று கேட்டார்கள். கெல்சி கூல்மன் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

பாதியிலிருந்து அவள்தான் முன்னால். தொடர்ந்து எட்டுச் சுற்று. கடைசிக்கு முந்தின சுற்றில், என் கண் முன்னாலேயே வண்டியின் பின்பக்கம் சறுக்கியது. திருப்பிப் பிடித்துவிட்டாள், ஆனால் அதற்குள் மூன்று பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நான்காவது.

ஐயோ, போச்சு. திரும்பவும் தோளைக் குறுக்கிக்கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

எடை போட்டு முடித்து ஆர்லோ விட்டதும், திடலைச் சுற்றி நடந்து நான் நின்றிருந்த கம்பி வேலிக்கே வந்தாள். முகமெல்லாம் மண். நான் இருந்த இடத்தை வெர்ன் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே, வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்தியாம்மா? சீக்கிரமே மிதிச்சுட்டேன். என் தப்பு."

வண்டியில் ஏதாவது பிசகா என்று கேட்டேன்.

"வண்டி பிரமாதம். முழுக்க என் தப்புதான்." இளித்துக்கொண்டு நிற்கிறாள். கோப்பை வாங்கிய மூன்று நாளிலும்கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கால் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு பன்றி இறைச்சி சாண்ட்விச் வாங்கி வேலிக்கு மேலே நீட்டினேன், நின்றபடியே முழுவதும் தின்றாள்.